கல் தெறித்து முன் கண்ணாடி அடிபட்டால்: செய்ய வேண்டியவை, செய்ய வேண்டிய வரிசையில்

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே பதினொரு ஆண்டுகளாகக் கார் ஓட்டி வருகிறேன். குவாரிகளிலிருந்தும் கிரஷர்களிலிருந்தும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் இந்தப் பக்கத்துச் சாலைகளில் இரவு பகலாக ஓடுவதால், என் வண்டியின் முன் கண்ணாடியில் இருமுறை கல் அடித்திருக்கிறது. உடன் வேலை செய்பவர்களின் வண்டிகளுக்காகக் கண்ணாடிக் கடைக்கும் காப்பீட்டு அலைபேசிக்கும் நடுவே பலமுறை அலைந்திருக்கிறேன். அரை மணி நேர வேலையில் முடிந்திருக்க வேண்டிய சேதம், செய்யும் வரிசை மாறிப்போனதால் முழுக் கண்ணாடியையும் மாற்றும் செலவாக முடிந்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். கீழே உள்ளவற்றை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. அடிபடுவதற்கு முன்பே வண்டியில் இருக்க வேண்டியவை

இரண்டு அங்குல அகலமுள்ள, நிறமற்ற செலோ டேப் ஒரு சுருள். எண்ணெய் படாத பழைய பருத்தித் துணி ஒன்று. ஒரு சிறிய டார்ச். இவை மூன்றும் டேஷ்போர்டு அறையில் எப்போதும் இருக்கட்டும். பார்சல் கட்டும் பழுப்பு டேப் பார்வையை மறைக்கும் என்பதால் அதை வாங்க வேண்டாம்.

ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், காப்பீட்டுப் பாலிசி ஆகிய மூன்றும் அலைபேசியில் திறந்து காட்டக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். பாலிசியை இன்றே ஒருமுறை திறந்து, அதில் 'ஓன் டேமேஜ்' எனப்படும் சொந்த வாகனச் சேதப் பகுதி நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்கு ஒருசேர எடுக்கப்படுகிறது. ஆனால் சொந்தச் சேதப் பகுதியைப் பலர் ஓராண்டுக்கு மட்டுமே எடுத்திருப்பார்கள். பாலிசித் தாளில் பெரிய எழுத்தில் மூன்றாண்டுத் தேதியைப் பார்த்துவிட்டு, எல்லாம் நடப்பில் இருப்பதாக நம்பி, இரண்டாம் ஆண்டில் சொந்தச் சேதப் பகுதியைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் எனக்குத் தெரிந்து மூவர். மூன்றாம் நபர் காப்பீடு உங்கள் கண்ணாடிக்கு ஒரு ரூபாயும் தராது.

2. கல் அடித்த அந்தக் கணம்

சத்தம் துப்பாக்கி வெடித்தது போல இருக்கும். எதிர்பாராமல் கேட்கும்போது உடல் தானாகக் குனியும், கால் தானாகப் பிரேக்கை அழுத்தும். அந்த இரண்டையும் அடக்குவதுதான் முதல் படி. நெடுஞ்சாலையில் உங்களுக்குப் பின்னால் சுமை லாரி வந்துகொண்டிருக்கக்கூடும். கல்லால் வரும் ஆபத்தைவிட அந்த லாரியால் வரும் ஆபத்து பல மடங்கு பெரியது.

முன் கண்ணாடி உங்கள் மீது கொட்டிவிடாது என்பதை மனத்தில் பதித்துக்கொண்டால் பதற்றம் குறையும். முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பி.வி.பி. என்னும் பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. பெரும்பாலான கார்களில் அந்தப் படலத்தின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். வெளித் தகடு முழுவதும் வலைபோல விரிந்தாலும் துண்டுகளை அந்தப் படலம் பிடித்து வைத்துக்கொள்ளும். பக்கக் கண்ணாடிகளும் பின் கண்ணாடியும் வேறு வகை. டஃபன்டு எனப்படும் அவை அடிபட்டால் கற்கண்டு போலச் சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். அவற்றுக்குப் பழுதுபார்ப்பு என்பதே கிடையாது, மாற்றத்தான் வேண்டும். இனி வருவது முழுவதும் முன் கண்ணாடியைப் பற்றியது.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, கண்ணாடியில் பின்னால் பார்த்து, இடது இண்டிகேட்டர் போட்டு வேகத்தைக் குறைக்கவும். கல்லைத் தெறிக்கவிட்ட லாரியைத் துரத்த வேண்டாம். சாலையில் கிடந்த கல்லை அதன் சக்கரம் எற்றியிருந்தால், அந்த ஓட்டுநருக்கே அது தெரிந்திருக்காது. தார்ப்பாய் மூடாத லாரியிலிருந்து ஜல்லி கொட்டியிருந்தால் மட்டும் வண்டி எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, நிறுத்திய பின் 112-க்குச் சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் இருசக்கர வாகனத்தில் வருபவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

3. எங்கே நிறுத்துவது

கண்ணுக்கு நேரே பார்வை மறையாத வரை, பாதுகாப்பான இடம் வரும் வரை மெதுவாக ஓட்டுவதே நல்லது. தொப்பூர் கணவாய் இறக்கத்திலும், இரட்டைப் பாலத்தை ஒட்டிய பகுதியிலும், சூளகிரிக்கு முன் உள்ள மேலுமலை ஏற்ற இறக்கத்திலும் ஓரமாகக்கூட நிறுத்தாதீர்கள். சுமை லாரிகள் பிரேக் பிடிக்காமல் வரும் இடங்கள் அவை. பெட்ரோல் பங்க், உணவகம், சுங்கச்சாவடியைத் தாண்டிய அகலமான ஓரம் ஆகியவை ஏற்றவை. அங்கும் முடிந்தால் நிழலில் நிறுத்துங்கள், காரணம் ஐந்தாம் படியில் வருகிறது.

பார்வை முழுதும் மறைந்துவிட்டால் நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, பக்கக் கண்ணாடியை இறக்கிச் சாலை ஓரத்தைப் பார்த்தபடி வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி, அனைவரையும் இடப்பக்கமாக இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிற்க வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033-ஐ அழைக்கலாம். அழைக்கும்போது அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் நீங்கள் போகும் திசையையும் சொன்னால் உதவி வண்டி தேடி அலையாது.

4. முதலில் புகைப்படம், பிறகு டேப்

புதியவர்கள் இந்த இரண்டையும் இடம் மாற்றிச் செய்கிறார்கள். டேப் ஒட்டிய பிறகு எடுக்கும் படத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்பி, குழியின் வடிவம் தெரியாது. சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டுச் சர்வேயருக்கு அந்தப் படம் பயன்படாது.

ஐந்து படங்கள் போதும். வண்டி எண் தெரியும்படி முன்பக்கம் முழுவதும், கண்ணாடி முழுவதும், குழி மட்டும் அருகிலிருந்து, பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பிடித்தபடி, அதே இடம் வண்டிக்கு உள்ளிருந்து, கிலோமீட்டர் காட்டும் மீட்டர். டேஷ்கேம் இருந்தால் அந்தப் பதிவை அப்போதே அலைபேசிக்கு மாற்றிவிடுங்கள். மெமரி கார்டு நிறைந்ததும் பழைய பதிவுகளின் மேலேயே புதியவை பதிவாகும்.

பிறகு டேப். குழியில் ஈரம் இருந்தால் பருத்தித் துணியின் நுனியால் ஒற்றி எடுத்து, காற்றில் உலரவிட்டு, ஒரே ஒரு துண்டு டேப்பை வெளிப்பக்கத்தில் ஒட்டவும். இரண்டு மூன்று அடுக்காக ஒட்டினால் கூடுதல் பயன் இல்லை, பார்வைதான் மங்கும். டேப் விரிசலைப் பிடித்து நிறுத்துவதில்லை, தூசியையும் நீரையும் தடுக்கிறது. பழுதுபார்க்கும்போது குழிக்குள் செலுத்தும் ரெசின் என்னும் பிசின், முடியிழையைவிட மெல்லிய பிளவுகளுக்குள் பரவியாக வேண்டும். அந்தப் பிளவுகளில் எங்கள் பக்கத்துச் செம்மண் தூசியோ வாஷர் நீரில் கலந்த சோப்போ புகுந்துவிட்டால் ரெசின் பிடிக்காது, பிடித்தாலும் வெண்மையாகத் தெரியும். வைப்பரையும் வாஷரையும் அன்று தொடாதீர்கள்.

என் முதல் அனுபவத்தை இங்கே சொல்ல வேண்டும். குருபரப்பள்ளி அருகே அடித்த கல், கடுகளவு குழி ஒன்றை மட்டும் விட்டுச் சென்றது. உற்றுப் பார்த்தால் குழியைச் சுற்றி நகக்கண் அளவில் ஒரு சாம்பல் வட்டம், அதிலிருந்து மூன்று மெல்லிய கால்கள். இவ்வளவுதானே என்று விட்டுவிட்டு மாலையில் வண்டியைப் பிரஷர் பம்பில் கழுவினேன். மறுநாள் காலை அந்த மூன்று கால்களில் ஒன்று, வைப்பருக்குக் கீழே வரை ஒரு சாண் நீளம் ஓடியிருந்தது.

5. வெப்பம், நீர், அதிர்வு: மூன்றையும் தள்ளி வையுங்கள்

கண்ணாடி சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். ஒரு பகுதி சூடாகவும் அடுத்த பகுதி குளிர்ந்தும் இருக்கும்போது, அந்த இழுவை முழுதும் பிளவின் கூர்முனையில் வந்து சேர்கிறது. பிளவு அங்கிருந்து ஓடும். ஏப்ரல், மே மதியத்தில் தர்மபுரி பேருந்து நிலையத்தருகே நிழலின்றி நிறுத்திய காரின் கண்ணாடியைத் தொட்டால் கை சுடும். அதில் ஏறியதும் ஏ.சி.யை உச்சத்தில் வைத்துக் காற்றைக் கண்ணாடியை நோக்கித் திருப்பினால், விரிசல் கண்முன்னேயே நீளுவதைப் பார்க்கலாம்.

எனவே பழுதுபார்க்கும் வரை ஏ.சி. காற்றை முகத்துக்கோ காலுக்கோ திருப்பிவிடுங்கள். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். சூடான கண்ணாடியில் நீர் ஊற்றாதீர்கள். கதவைச் சாத்தும்போது ஒரு கண்ணாடியைச் சற்று இறக்கி வையுங்கள். மூடிய காரில் கதவை அறைந்து சாத்தினால் உள்ளிருக்கும் காற்று முன் கண்ணாடியை வெளியே தள்ளும். வேகத்தடைகளை நேராக, மிக மெதுவாக ஏறி இறங்குங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றிச் சாய்த்தால் உடற்கூடு முறுக்கிக்கொண்டு அந்த முறுக்கைக் கண்ணாடிக்குக் கொடுக்கும்.

ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை, பற்பசை, நகப்பூச்சு ஆகியவற்றைக் குழியில் தடவச் சொல்லும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. எதையும் தடவாதீர்கள். உடனடிப் பசை குழியின் வாயை அடைத்து இறுகிவிட்டால், அதன்பின் எந்தக் கடைக்காரராலும் ரெசினை உள்ளே செலுத்த முடியாது.

6. நிரப்பினால் போதுமா, மாற்ற வேண்டுமா?

இதைக் கடைக்குப் போவதற்கு முன் நீங்களே முடிவு செய்துகொள்வது நல்லது. கண்ணாடி மாற்றுவதில் கடைக்கு வரவு அதிகம். 'இதைப் போய் ரிப்பேர் பண்ணுவாங்களா சார், மாத்திடலாம்' என்ற சொல் எளிதாக வந்துவிடும். நிரப்பும் கருவியே இல்லாத கடைகளும் உண்டு.

அளவுகோலாக உங்கள் சட்டைப்பையில் உள்ள பணமே போதும். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அந்த நாணயத்தை வைத்தால் குழியும் அதன் கால்களும் முழுதும் மறைகின்றன என்றால் நிரப்பலாம். இப்போதுள்ள ஐந்நூறு ரூபாய் நோட்டின் நீளம் 15 சென்டிமீட்டர்; ஒற்றைக் கோடாக ஓடிய விரிசல் அந்த நீளத்தைத் தாண்டினால் மாற்றுவதே சரி. அதே நோட்டின் அகலம் 6.6 சென்டிமீட்டர், கண்ணாடியின் ஓரத்திலிருந்து அந்த அகலத்துக்குள் விரிசலின் ஏதேனும் ஒரு முனை இருந்தால், சேதம் சிறிதாக இருந்தாலும் நிரப்பி நம்பியிருக்க வேண்டாம். ஓரம்தான் கண்ணாடி உடற்கூட்டுடன் ஒட்டியிருக்கும் இடம். அங்கே இழுவை எப்போதும் இருந்துகொண்டே இருக்கும்.

அடுத்து, எந்தத் தகடு உடைந்திருக்கிறது என்று பாருங்கள். வண்டிக்குள் அமர்ந்து, அடிபட்ட இடத்தின் உட்பக்கத்தில் ஒரு மெல்லிய துணியை விரலில் சுற்றி மெதுவாகத் தடவவும். வழவழப்பாக இருந்தால் உள் தகடு நலம். சொரசொரப்போ, டேஷ்போர்டில் கண்ணாடித் தூளோ இருந்தால் இரண்டு தகடுகளும் உடைந்திருக்கின்றன. மாற்றியே ஆக வேண்டும். இந்தத் தூளை வெறுங்கையால் துடைக்காதீர்கள்.

இடமும் முக்கியம். ஸ்டியரிங்கின் நடுவிலிருந்து இருபுறமும் அரை அடி எனக் கொண்டால், அந்த ஓர் அடி அகலப் பட்டைதான் ஓட்டுநரின் நேர்ப்பார்வை. ரெசின் நிரப்பிய இடத்தில் மங்கிய தழும்பு ஒன்று எப்போதும் மிஞ்சும். இரவில் எதிர் வண்டியின் விளக்கொளி அதில் பட்டால் சிதறும். அந்தப் பட்டையில் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிய அடி இருந்தால் நான் மாற்றச் சொல்வேன். மழை இரவில் தொப்பூர் இறங்கியவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

முன் கண்ணாடியின் உட்பக்கத்தில், பின்னால் பார்க்க உதவும் நடுக்கண்ணாடியை ஒட்டிக் கேமரா உள்ள வண்டியானால், கேமரா பார்க்கும் பகுதியில் விழுந்த அடியையும் இதே கண்டிப்புடன் பாருங்கள்.

7. காப்பீட்டு அழைப்பு: கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்

பாலக்கோட்டைச் சேர்ந்த ஒரு தம்பி, அவசரத்தில் கண்ணாடியை மாற்றிவிட்டு ரசீதுடன் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்தார். உடைந்த கண்ணாடி எங்கே என்று கேட்டார்கள். கடைக்காரர் அதைப் பழைய பொருளோடு தூக்கிப் போட்டிருந்தார். கோரிக்கை தள்ளுபடியானது. நிறுவனம் பார்வையிட்டோ, படங்களைப் பெற்றோ ஒப்புதல் தரும் வரை கண்ணாடியைத் தொட விடாதீர்கள்.

அழைப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ஆகவே எந்தப் பாகத்துக்கும் தேய்மானம் கழிக்காத 'பம்பர் டு பம்பர்' வசதி இல்லாத பாலிசியிலும் கண்ணாடியின் விலை முழுதாகக் கணக்கில் வரும். அதிலிருந்து கட்டாயக் கழிவாக 1500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாயும் நீங்கள் ஏற்க வேண்டும். ரப்பர் பீடிங் போன்றவற்றுக்குப் பாதித் தேய்மானம் உண்டு.

பெரிய இழப்பு, கோரிக்கை வைக்காதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான என்.சி.பி.யில்தான் வருகிறது. கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கு ஏற்ப அந்தத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என ஏறுகிறது. ஒரு கோரிக்கை வைத்தால் அடுத்த புதுப்பிப்பில் சுழியத்துக்கு இறங்கும். ஓர் எடுத்துக்காட்டு: தள்ளுபடிக்கு முன் உங்கள் சொந்தச் சேதப் பிரீமியம் 6,000 ரூபாய், இப்போது 35 சதவீதத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோரிக்கை வைக்காவிட்டால் அடுத்த மூன்று புதுப்பிப்புகளில் 45, 50, 50 சதவீதம் கிடைத்திருக்கும். வைத்தால் 0, 20, 25. வேறுபாடு 45, 30, 25, அதாவது மூன்றாண்டுகளில் மொத்தம் ஒரு முழுப் பிரீமியம், 6,000 ரூபாய். அதனுடன் கழிவு 1,000. ஆக, மாற்றும் செலவு 7,000 ரூபாய்க்குள் இருந்தால் சொந்தப் பணத்தில் முடிப்பதே மேல். கேமரா, மழை உணரி உள்ள விலை உயர்ந்த கண்ணாடியானால் கோரிக்கை வைப்பதே மேல். உங்கள் பாலிசியில் என்.சி.பி. பாதுகாப்பு இருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். அதனால் அழைத்தவுடன் 'கண்ணாடி மட்டும் கோரினால் என்.சி.பி. குறையுமா' என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

அழைப்பில் தேதி, நேரம், இடம், போன திசை, கல் எப்படி வந்தது ஆகியவற்றை உள்ளபடி சொல்லவும். பத்து நாள் கழித்து அழைத்துவிட்டு நேற்று நடந்தது என்று சொல்வதைப் பலர் சாமர்த்தியமாக நினைக்கிறார்கள். படங்களில் பதிந்துள்ள தேதியே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கோரிக்கை எண்ணை எழுதிக்கொண்டு, அந்த நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூரில் உள்ள பட்டறைகளைக் கேளுங்கள். பட்டியலில் இல்லாத கடையில் செய்தால் முதலில் நீங்கள் பணம் கட்டி, பிறகு திரும்பப் பெற வேண்டியிருக்கும். பழைய கண்ணாடியை அதுவரை வைத்திருக்கச் சொல்லுங்கள்.

8. ரெசின் நிரப்பும்போது அருகில் நின்று பார்க்க வேண்டியவை

வேலை நிழலில் நடக்க வேண்டும். ரெசின் புற ஊதா ஒளியில் இறுகும் பொருள். வெயிலில் வைத்துச் செய்தால் பிளவுகளின் முனையை எட்டுவதற்கு முன்பே இறுகிவிடும். வண்டி வெயிலில் ஓடி வந்திருந்தால் கண்ணாடி தானாக ஆறும் வரை காத்திருங்கள்.

குழியில் உள்ள தளர்ந்த துகள்களை ஊசியால் எடுத்து, ஈரத்தை உலர்த்தி, குழியின் மேல் சிறு கருவியைப் பொருத்தி முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்த பிறகே ரெசினை அழுத்தத்துடன் செலுத்துவார்கள். காற்றை எடுக்காமல் மேலே சொட்டு விட்டு விளக்கைக் காட்டுபவரிடம் கொடுக்காதீர்கள். சாம்பல் நிறத்தில் தெரிந்த கால்கள், ரெசின் நுழைய நுழைய ஒவ்வொன்றாகக் கண்ணிலிருந்து மறையும். எல்லாக் கால்களும் மறைந்த பின்னரே விளக்கு. கடைசியில் பிளேடால் வழித்து மெருகிடுவார்கள். கால் ஒன்று இன்னும் வெள்ளிக் கம்பிபோல மின்னினால் விளக்கைக் காட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இறுகிய ரெசினை வெளியே எடுக்க வழியில்லை.

9. மாற்றுவதானால்

முன் கண்ணாடி காற்றைத் தடுக்க மட்டும் இருப்பதாக நினைத்தால், மலிவான ஒட்டுதலில் தவறு தெரியாது. வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. பல கார்களில் இடப்பக்கப் பயணியின் ஏர்பேக் விரியும்போது முன் கண்ணாடியில் மோதித்தான் பயணியை நோக்கித் திரும்பும். ஒட்டுதல் பலவீனமாக இருந்தால் ஏர்பேக் கண்ணாடியை வெளியே தள்ளிவிட்டு, பயணியைத் தாங்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போகும்.

ஆகவே மூன்று கேள்விகளை வேலை தொடங்குமுன் கேளுங்கள்.

கண்ணாடியின் மூலையில் லேமினேட்டட் என்ற குறிப்பும் ஐ.எஸ். 2553 தர முத்திரையும் இருக்கின்றனவா? முன் கண்ணாடி லேமினேட்டடாக இருக்க வேண்டும் என்பதும், முன், பின் கண்ணாடிகள் வழியே குறைந்தது 70 சதவீத ஒளி ஊடுருவ வேண்டும் என்பதும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆம் விதி.

ஒட்டும் பசை கண்ணாடிக்கான பாலியூரிதேனா? குளியலறைக்குப் பயன்படும் சிலிக்கானும் ஒட்டியது போலத் தோன்றும், ஆனால் தாங்காது. நண்பர் ஒருவர் மலிவாக முடிந்தது என்று மகிழ்ந்திருந்தார். ஐப்பசி மழையில் இடப்பக்கக் கால்மிதிக்குக் கீழே நீர் தேங்கி, துர்நாற்றம் வந்த பிறகுதான் பட்டறையில் பிரித்துப் பார்த்து அது சிலிக்கான் என்று தெரிந்தது. பசைக் குழாயின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

பசைக்கு முன் பூசும் பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் போடுவார்களா? பழைய கண்ணாடியை அறுத்தெடுக்கும்போது இரும்புச் சட்டத்தில் கத்தி பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த இடங்களில் பிரைமர் வைக்காவிட்டால் துரு பிடிக்கும். துருவின் மேல் எந்தப் பசையும் நிற்காது. பழைய பசையை முழுதும் சுரண்ட வேண்டியதில்லை. மெல்லிய பழைய அடுக்கு ஒன்றை விட்டுவைத்து, அதன் மேல் புதிய பசையை இடைவெளியில்லாத ஒரே கோடாக இடுவதுதான் முறை. கோடு அறுபட்ட இடத்தில்தான் பின்னாளில் நீர் புகும்.

ரப்பர் பீடிங்கில் பொருத்தும் பழைய வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் இந்தப் பசை முறை பொருந்தாது. அவற்றில் பழைய ரப்பரையே மீண்டும் போடாமல் புதிதாகப் போடச் சொல்வதுதான் கவனிக்க வேண்டியது.

10. பழைய கண்ணாடியோடு போய்விடுபவை

கண்ணாடியை மாற்றிய மகிழ்ச்சியில் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வந்து நின்ற பிறகுதான் ஃபாஸ்டேக் நினைவுக்கு வரும். அதைப் பிரித்து எடுத்து வேறு கண்ணாடியில் ஒட்ட முடியாது. பிரிக்கும்போதே அதன் ஆன்டெனா கிழியும்படி செய்திருக்கிறார்கள். வேலைக்கு நாள் குறித்தவுடன், ஃபாஸ்டேக் தந்த வங்கியின் செயலியிலோ அழைப்பு மையத்திலோ கண்ணாடி மாற்றத்தைக் காரணமாகச் சொல்லி மாற்று டேக் கேளுங்கள். ஒரு வண்டிக்கு ஒரே டேக் என்பதால், அவசரத்துக்கு வேறு வங்கியில் புதிதாக எடுப்பது பழைய கணக்கில் உள்ள பணத்தைச் சிக்கலாக்கும். டேக் இல்லாமல் சென்றால் கூடுதல் கட்டணம்; 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ.யில் செலுத்தினால் ஒன்றே கால் மடங்கு.

2019 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய வண்டிகளில், பதிவெண் அச்சிட்ட ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒன்று முன் கண்ணாடியின் உட்புறத்தில் இருக்கும். அது மூன்றாவது நம்பர் பிளேட்டாகக் கருதப்படுவது. வண்டி வாங்கிய டீலரிடம் புதியது கேட்டுப் பெறுங்கள்.

கேமராவோடு வரும் ஓட்டுநர் உதவி வசதிகள் உள்ள வண்டியில், கண்ணாடி மாற்றிய பின் கேமராவை மறுபடி அளவொத்துச் சரிசெய்ய வேண்டும். கேமராவின் கோணம் சிறிது பிசகினாலும் முன்னால் உள்ள வண்டியைத் தவறான இடத்தில் இருப்பதாகக் கணிக்கும். சாதாரணக் கண்ணாடிக் கடையில் இதற்கான கருவி இருக்காது என்பதால், இத்தகைய வண்டிகளை முதலிலேயே கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுசெல்வது அலைச்சலைக் குறைக்கும்.

11. ஒட்டிய பின் இரண்டு நாள்

எவ்வளவு நேரம் கழித்து வண்டியை ஓட்டலாம் என்பது பசைக் குழாயிலேயே அச்சிடப்பட்டிருக்கும். கடைக்காரரின் வாய்ச்சொல்லைவிட அதை நம்புங்கள். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுவது. எங்கள் மாவட்டங்களின் மார்ச், ஏப்ரல் வறண்ட காற்றில் அது தாமதமாகும் என்பதால், அந்த மாதங்களில் மாற்றினால் அச்சிட்ட நேரத்தைவிடக் கூடுதலாக வண்டியை அங்கேயே நிறுத்தி வைப்பேன்.

ஓரங்களில் ஒட்டிய டேப்பை ஒரு நாள் முழுதும் எடுக்க வேண்டாம். கண்ணாடி நழுவாமல் பிடித்திருப்பது அதுதான். ஒரு பக்கக் கண்ணாடியை விரலளவு இறக்கியே வையுங்கள். குவாரிச் சாலைகளும் மேடு பள்ளமான மண் பாதைகளும் இரண்டு நாளுக்கு வேண்டாம். பிரஷர் பம்பில் கழுவுவதும் வேண்டாம்.

வண்டியை எடுத்த பின் டிப்பர்களுக்குப் பின்னால் போகும் பழக்கத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே சிக்கிய கல் விடுபட்டு வந்தால், சக்கரத்தின் வேகத்தோடு வரும். முன்னால் உள்ள லாரி ஒரு கிலோமீட்டர் கல்லைக் கடந்ததும் மூன்று எண்ணி, அதற்குப் பிறகு நீங்கள் அந்தக் கல்லைக் கடக்கும்படி இடைவெளி விடுங்கள். 90 கி.மீ. வேகத்தை 70-ஆகக் குறைத்தால், சாலையில் எகிறி நிற்கும் கல் உங்கள் கண்ணாடியில் மோதும் ஆற்றல் ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது. முந்த வேண்டுமானால் தயங்கித் தயங்கிப் பக்கத்திலேயே ஓடாமல், வழி தெளிவாக இருக்கும்போது ஒரே மூச்சில் முந்திவிடுங்கள்.

மூன்றாம் நாள், ஒருவரை வண்டிக்குள் டார்ச்சுடன் அமர வைத்து, வெளியிலிருந்து சாதாரண ஹோஸ் குழாயில் கண்ணாடியின் மேல் ஓரம், இரு பக்கம், கீழ் ஓரம் என்ற வரிசையில் ஒவ்வோர் ஓரத்துக்கும் இரண்டு நிமிடம் நீர் விடுங்கள். உள்ளே இருப்பவர் கூரைத் துணியின் ஓரத்தையும், கதவுத் தூண்களின் உட்பக்கத்தையும், கால்மிதிக்கு அடியிலும் தடவிப் பார்க்கட்டும். பிறகு நெடுஞ்சாலையில் ஜன்னல்களை ஏற்றிக்கொண்டு 80 கி.மீ. வேகத்தில் செல்லும்போது கண்ணாடியின் ஓரத்தில் சீழ்க்கை போன்ற காற்றொலி வருகிறதா என்று கேளுங்கள். ஈரமோ ஒலியோ இருந்தால், எந்த மூலையில் என்று உட்புறத்தில் ஒரு டேப் துண்டால் அடையாளமிட்டு, ரசீதுடன் அதே வாரத்தில் கடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்.